கல்லும் கையும்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு நிறைவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில், 1990களில் உயர்தரம் கற்ற மாணவியர் சார்பில் வைத்தியரான வகுப்புத்தோழி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த விழாவுக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை உடுப்பதென்று சங்கம் தீர்மானித்தது உங்களுக்குத் தெரியும். நிறத்தைத் தெரிவு செய்ய ஒரு நாள் போதுமாக இருந்தது. அந்த நிறத்துக்கு என்ன பெயர் என்று முடிவெடுக்கத்தான் மூன்று கிழமை பிடித்தது. வட்ஸ்அப் குழுவில் ரொறன்ரோவில் இருப்பவர்கள் அதை நீலம் என்றார்கள். கொழும்பில் இருப்பவர்கள் பச்சை என்றார்கள். துணி எடுத்த கடைக்காரர் "மயில் கழுத்து" என்று பில்லில் எழுதித் தந்தார். கடைசியில் ஓர் அக்கா "டர்க்கோய்ஸ்" என்று எழுதிச் சண்டையை நிறுத்தினார். உடனே இன்னொருவர், "அது நிறமோ, கல்லோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலை எங்கள் வகுப்பின் தலையில் விழுந்தது. எங்களில் புவியியல் படிப்பிப்பவர்கள் இருவர் இருக்கிறார்கள், நகைக்கடை வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார், வைத்தியர்கள் நான்கு பேர். எல்லோருமாகத் தேடிப் படித்தோம். மேடையில் பேசும் பொறுப்பை மட்டும் வைத்தியர் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆகவே இந்த உரையில் "நாங்கள்" என்று வருவது சில இடங்களில் எங்கள் வகுப்பு. சில இடங்களில் வைத்தியசாலையில் எங்களோடு ஒன்றாக வேலை செய்பவர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தைப் பற்றியும் சீனி வருத்தத்தைப் பற்றியும் இன்று பேசப்போவதில்லை என்று வாக்குறுதி தருகிறோம். வேறொரு வருத்தத்தைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

முதலில் நிறம். பச்சை என்றவர்களும் சரி, நீலம் என்றவர்களும் சரி. டர்க்கோய்ஸ் என்பது செப்பும் அலுமினியமும் பொஸ்பேற்றும் நீரும் சேர்ந்து உருவான ஒரு கனிமம். ஒரு செப்பு அணுவுக்கு ஆறு அலுமினியம், நான்கு பொஸ்பேற்று, எட்டு ஐதரொட்சைல், நான்கு நீர் மூலக்கூறுகள் என்பது அதன் கணக்கு. நீலத்தைத் தருவது செப்பு. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு புகுந்துகொண்டால் கல் பச்சைப் பக்கம் சாயும். இரண்டு கல் ஒரே நிறத்தில் கிடைப்பது அருமை.

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு எங்கள் ஆய்வுகூடத்து மயில்துத்தம் நினைவிருக்கும். சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளைத் தூளாகும். ஒரு துளி தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும். அந்த நீலத்துக்குச் செப்பு மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும் என்று ஆசிரியை காட்டித் தந்தார். டர்க்கோய்ஸும் அப்படித்தான் தண்ணீரைத் தன்னுள் வைத்திருக்கிற கல். கடும் சூட்டில் அதன் நிறம் கெடும். ஆனால் மயில்துத்தத்தைப் போல, கெட்ட நிறம் ஒரு துளித் தண்ணீரால் திரும்பாது.

இந்தக் கல் எங்கள் நாட்டில் கிடைப்பதில்லை. இரத்தினபுரியில் ஆற்றுப்படுகையின் கீழே "இல்லம்" என்று சொல்லப்படும் சரளைப் படையைத் தோண்டி எடுக்கும் நீலக்கல், வைடூரியம், கோமேதகம் எல்லாம் பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறைகளிலிருந்து வந்தவை. டர்க்கோய்ஸ் அப்படிப்பட்ட பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. அது நிலத்தின் மேற்பகுதியில், பெரும்பாலும் வரண்ட நாடுகளில் பிறக்கிறது. எப்போதாவது பெய்யும் மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கும். வழியில் செப்புத் தாதிலிருந்து செப்பையும், களிக்கல் போன்ற கனிமங்களிலிருந்து அலுமினியத்தையும், அப்பற்றைற்று என்ற கனிமத்திலிருந்து பொஸ்பேற்றையும் கரைத்துக்கொள்ளும். அவை மூன்றும் சேர்ந்து வெடிப்புகளில் மெல்லிய நரம்பு போலவோ சிறு உருண்டையாகவோ படியும். எங்களிடமும் எப்பாவலையில் அப்பற்றைற்று உண்டு, சேருவிலையில் செப்புத் தாது உண்டு. பாலைநிலம் மட்டும் இல்லை. நவரத்தினங்களின் பட்டியலிலும் இந்தக் கல்லுக்கு இடம் இல்லை. அதனால்தான் அம்மம்மாமாரின் பெட்டகங்களில் நாங்கள் இதைக் கண்டதில்லை.

அப்பற்றைற்று என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வைத்தியத் தோழிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் எலும்பையும் பல்லையும் உறுதியாக்குவது அதே குடும்பத்துக் கனிமந்தான். பிரான்சின் தெற்கே மண்ணுக்குள் புதைந்து கிடந்த யானை இனத்துப் பழைய விலங்குகளின் தந்தங்களை, மத்திய காலத்தில் துறவிகள் சூடாக்கினார்கள். அவை நீலமாக மாறின. டர்க்கோய்ஸ் என்றே நம்பித் தேவாலயத் திருப்பொருட்களில் பதித்தார்கள். அந்தத் தந்தங்களின் வயது ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேல். அவற்றின் நீலம் செப்பினால் வந்ததல்ல, மங்கனீசினால் வந்தது என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆய்வுகளில் தெளிவானது. ஏமாற்றுவதற்காகச் செய்த வேலை என்று இதைச் சொல்ல முடியாது. அவர்கள் உண்மையிலேயே கல் செய்ததாக நம்பினார்கள்.

இன்னொரு குணம் மட்டும் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போகிறோம். நீலக்கல்லின் கடினம் மோவின் அளவுகோலில் 9. டர்க்கோய்ஸ் 5க்கும் 6க்கும் இடையில். அதோடு அது நுண்துளைகள் உள்ள கல். அணிபவரின் வியர்வை, தோலின் எண்ணெய், பூசும் கிறீம், சவர்க்காரம் எல்லாவற்றையும் மெல்ல மெல்ல உள்ளே எடுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் அணிந்தால் நீலம் பச்சையாகும். வைரம் யார் கையில் இருந்தாலும் ஒன்றுதான். இந்தக் கல் அணிந்தவரைப் பொறுத்து மாறும். மனிதர்கள் இதைப் பற்றி நம்பியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு குணத்திலிருந்து வந்ததாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி எகிப்துக்குப் போவோம். அபிதோஸ் என்ற இடத்தில் முதலாம் வம்சத்து அரசன் ஜெர் என்பவரின் சமாதி இருக்கிறது. சுமார் 5,000 ஆண்டுகள் பழையது. 1900–1901 காலப்பகுதியில் பிளிண்டர்ஸ் பெற்றி என்ற தொல்லியலாளரின் ஆட்கள் அங்கே சுவரின் ஒரு பொந்துக்குள், துணி சுற்றிய ஒரு மனிதக் கையைக் கண்டார்கள். பழைய காலத்துக் கள்வர் கண்ணுக்குத் தப்பிய கை. துணியைப் பிரித்தபோது அதில் நான்கு காப்புகள் இருந்தன. பொன்னும் டர்க்கோய்ஸும் மாறிமாறிக் கோத்த காப்பு ஒன்று. மற்றவற்றிலும் இந்தக் கல் உண்டு. அது ஓர் அரசியின் கையாக இருக்கலாம் என்று பெற்றி எண்ணினார். காப்புகளையும் கையையும் கெய்ரோ நூதனசாலைக்கு அனுப்பினார். நூதனசாலை காப்புகளை வைத்துக்கொண்டது. கையை வீசிவிட்டது.

இதைப் படித்த அன்று எங்கள் குழுவில் நெடுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அந்தக் கை இன்று இருந்திருந்தால் அதன் எலும்பிலிருந்து அவளின் வயதைச் சொல்லலாம், அவள் பட்ட வருத்தங்களில் சிலவற்றைச் சொல்லலாம், அவள் அரசிதானா என்றுகூடச் சொல்ல முடிந்திருக்கும். காப்பு பத்திரமாக இருக்கிறது, போட்டிருந்தவள் இல்லை. ஆகவே நாங்கள் கதையை இப்படியே தொடரலாம் என்று முடிவு செய்தோம். எங்கெல்லாம் கல் வருகிறதோ, அங்கெல்லாம் அதைப் பிடித்த கையையும் தேடிப் பார்ப்பது.

எகிப்தியருக்கு இந்தக் கல் சினாய்ப் பாலைவனத்தின் மணற்கல் மலைகளிலிருந்து வந்தது. செராபிற் எல்-காதிம் என்ற உச்சியில் ஹதோர் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார்கள். அங்கே அவளுக்குப் பெயர் டர்க்கோய்ஸின் தலைவி. அந்த நிறம் அவர்களுக்கு முளைக்கும் பயிரின் நிறம், மறுபிறப்பின் நிறம். சுமார் 3,850 ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் அமெனெம்ஹத் என்ற மன்னரின் ஆறாம் ஆண்டில், ஹொருர்ரே என்ற அதிகாரி ஒரு சுரங்கக் குழுவை அங்கே கூட்டிச் சென்று, நடந்ததைக் கல்வெட்டில் எழுதி வைத்தார். அவர் போய்ச் சேர்ந்தது தவறான காலம். வெயில் தோலைச் சுடுகிறது. அனுபவமுள்ள தொழிலாளர்களிடம் கேட்டால், கல் மலையில் எப்போதும் உண்டு, ஆனால் இந்தக் காலத்தில் நல்ல நிறம் வராது என்கிறார்கள். மனம் தளர்ந்துபோன அவர், தெய்வத்தை நம்பித் தொடர்ந்து தோண்டி, நல்ல கல்லோடும் ஆட்சேதம் இல்லாமலும் திரும்பியதாகச் சொல்கிறார். பின்னால் வருபவர்கள் மனம் தளரக்கூடாது என்பதற்காகவே அதை எழுதி வைத்திருக்கிறார்.

இது அதிகாரியின் எழுத்து. தொழிலாளர்களும் எழுதினார்கள். 1905ஆம் ஆண்டு பிளிண்டர்ஸ் பெற்றியும் அவரின் மனைவி ஹில்டா பெற்றியும் அதே மலையில், எகிப்தியச் சித்திர எழுத்தைப் போலத் தோன்றி, ஆனால் அதுவாக இல்லாத சில கீறல்களைக் கண்டார்கள். மொத்தக் குறிகள் முப்பதுக்கு மேல் போகவில்லை. எருதுத் தலை, வீடு, நீர் அலை, கண். அங்கே கண்டெடுத்த சிறிய ஸ்பிங்ஸ் உருவம் ஒன்று இப்போது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. அதில் இரண்டு எழுத்தும் உண்டு. எகிப்திய எழுத்தில் டர்க்கோய்ஸின் தலைவியான ஹதோரின் பெயர். மற்ற எழுத்தில், 1916இல் அலன் கார்டினர் என்ற அறிஞர் வாசித்தபடி, "தலைவி" என்று பொருள்படும் செமித்தியச் சொல். சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த மேற்காசிய மக்கள், நூற்றுக்கணக்கான சித்திரக் குறிகளை விட்டுவிட்டு, ஓர் ஒலிக்கு ஒரு குறி என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் அறிந்த அகரவரிசை எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று.

இந்த எழுத்திலிருந்து பினீசியம், அதிலிருந்து கிரேக்கமும் அரமேயமும் வந்தன. அரமேயத்தின் செல்வாக்கில் பிராமி பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. மாற்றுக் கருத்தும் உண்டு. பிராமியிலிருந்து தமிழ் எழுத்து. பலர் ஏற்கும் அந்த வழி சரியென்றால், ஏடு தொடக்கிய அன்று அரிசியில் எங்கள் விரலைப் பிடித்து எழுதுவித்த எழுத்துகளின் தூரத்து மூதாதையர் சிலர், ஒரு டர்க்கோய்ஸ் சுரங்கத்தின் வாசலில் கூலிக்கு வந்தவர்களின் கையால் கீறப்பட்டவர்கள். அவர்கள் வெட்டியெடுத்த கல் யார் யாருடைய கழுத்துக்கோ போய்விட்டது. எழுத்து எல்லோருக்கும் வந்து சேர்ந்தது.

அடுத்தது பாரசீகம். இன்றைய ஈரானின் வடகிழக்கில் நிஷாப்பூர் மலைச் சுரங்கங்களில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கல் எடுக்கப்படுகிறது. வானத்தின் நீலம் வேண்டுமென்றால் நிஷாப்பூர்க் கல்தான் என்பது நகைக்காரரின் பேச்சு. பாரசீக மொழியில் இதன் பெயர் பிரூசா. வெற்றி என்ற சொல்லோடு தொடர்புடைய பெயர். இந்தியாவில் பிரோசா என்பதும் அதுவே. ஐரோப்பாவுக்குத் துருக்கி வழியாகப் போனதால் பிரெஞ்சுக்காரர் "துருக்கிக் கல்" என்றார்கள். அதுதான் டர்க்கோய்ஸ். துருக்கிக்காரர் விற்றார்கள், அவ்வளவுதான். எங்கே வாங்கினோமோ அந்த ஊரின் பெயரைப் பொருளுக்கு வைப்பது எங்களுக்கும் புதிதல்ல. சமர்க்கந்திலும் இஸ்பஹானிலும் பள்ளிவாசல்களின், சமாதிகளின் குவிமாடங்கள் இதே நிறத்தில் இருக்கின்றன. அவை கல் அல்ல, மெருகிட்ட ஓடுகள். ஆனால் மெருகுக்கு நிறம் தருவது அதே செப்பு. ஓட்டுக்கும் கல்லுக்கும் தாய்வழி உறவு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவுக்குப் போன கல்லில் ஒன்று எங்கள் பாடசாலை மேடைக்கும் வந்தது. ஆங்கில தினத்தில் "வெனிஸ் வர்த்தகன்" போட்டது நினைவிருக்கிறதா? ஷைலொக்கின் மகள் வீட்டை விட்டு ஓடும்போது எடுத்துச் சென்ற மோதிரங்களில் ஒன்றைக் கொடுத்து ஒரு குரங்கை வாங்கினாள் என்று அவருக்குச் செய்தி வரும். அந்த மோதிரம் டர்க்கோய்ஸ். திருமணத்துக்கு முன் லேயா அவருக்குக் கொடுத்தது. ஷைலொக்காக நடித்த தோழி ஒட்டுத்தாடியைப் பிடித்துக்கொண்டு அழுதபோது நாங்கள் சிரித்தோம். அந்த வயதில் குரங்கு மட்டுந்தான் எங்களுக்குத் தெரிந்தது. இறந்துபோன மனைவியின் கை அந்த மோதிரத்தில் இருந்ததை இப்போதுதான் விளங்கிக்கொள்கிறோம்.

இமயத்துக்கு அப்பால் திபெத்திய மக்கள் இந்தக் கல்லை உயிர் தங்கும் இடமாகவே கருதினார்கள். ஒருவரின் உயிராற்றல் அவர் அணியும் கல்லில் தங்கும், ஆகவே அதைத் தொலைக்கக்கூடாது என்பது நம்பிக்கை. திபெத்திய மருத்துவத்தில் ஈரல் நோய்க்குக் கொடுக்கும் கூட்டு மருந்து ஒன்றின் பெயரே "பழைய டர்க்கோய்ஸ் 25". லடாக்கில் பெண்கள் "பெராக்" என்ற தலையணியை அணிவார்கள். படமெடுத்த பாம்பின் வடிவில், நெற்றியிலிருந்து முதுகு வரை இறங்கும் பட்டை. அதன் மேல் வரிசை வரிசையாக டர்க்கோய்ஸ். வரிசையின் எண்ணிக்கையைப் பார்த்தே வீட்டின் நிலையைச் சொல்லிவிடலாம். அது தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும்.

பெராக்கின் படத்தைப் பார்த்தபோது எங்கள் வகுப்புக்கு 1995 நினைவுக்கு வந்தது. ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. எங்களில் பலரின் தாய்மார் தோடு, சங்கிலி, காப்பு எல்லாவற்றையும் துணியில் முடிந்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். புத்தகப் பையை வைத்துவிட்டு வா என்று சில தாய்மார் சொன்னார்கள். நகை முடிச்சைக் குறைத்துக்கொண்டு உயர்தரக் கொப்பிகளைத் தூக்கிய தாய்மாரும் இருந்தார்கள். பின்னர் அந்த நகைகளில் பெரும்பகுதி அடகுக்கும் விற்பனைக்கும் போனது. அதில்தான் நாங்கள் படித்தோம். மகளுக்குத் தலை நிறையக் கல் வைத்துக் கொடுத்த லடாக் தாயும், காப்பைக் கழற்றிக் கொடுத்த எங்கள் தாயும் செய்தது ஒரே காரியந்தான் என்று தோன்றுகிறது.

தாய்வழி என்றதும் அமெரிக்காவையும் சொல்ல வேண்டும். நியூ மெக்சிக்கோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் புவெப்லோ பொனிற்றோ என்ற பெரிய கற்கட்டடம் இருக்கிறது. அதன் சின்னஞ்சிறிய அறையொன்றில் பதினான்கு பேரைப் புதைத்திருந்தார்கள். ஒருவரோடு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டர்க்கோய்ஸ் மணிகளும் துண்டுகளும் இருந்தன. அந்தக் கல்லின் அளவைப் பார்த்து, இது பெரிய தலைவனின் வம்சம் என்று நெடுங்காலம் பேசினார்கள். 2017இல் வெளியான மரபணு ஆய்வு, அங்கிருந்தவர்களில் ஒன்பது பேர் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவர்கள் என்று காட்டியது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த இடத்தில் பதவி பெண்வழியாக வந்திருக்கிறது என்பது ஆய்வாளரின் முடிவு. இன்று வாழும் வழித்தோன்றல்களிடம் கேட்காமல் ஆய்வைச் செய்துவிட்டார்கள் என்ற கண்டனமும் எழுந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மெக்சிக்கோவில் அஸ்டெக் மக்களின் மொழியில் டர்க்கோய்ஸைக் குறித்த சொல்லே ஆண்டையும் குறித்தது. நெருப்புக்கும் காலத்துக்கும் உரிய தெய்வத்தின் பெயர் "டர்க்கோய்ஸ் தலைவன்". பிரித்தானிய நூதனசாலையில் உள்ள அவர்களின் இரட்டைத்தலைப் பாம்பில் சுமார் 2,000 சிறு கல்துண்டுகள் மரத்தின் மேல் பதிக்கப்பட்டிருக்கின்றன. செய்தவர் பெயர் அதிலும் இல்லை.

இப்போது நாங்கள் கடைசியில் சொல்வதாகச் சொன்ன கதை. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியும் சொல்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் வேலை செய்த ஒரு வைத்தியசாலைக் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். மார்பில் கட்டி. எப்போதிருந்து என்று கேட்டோம். எட்டு மாதம் என்றார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்றபோது, கையை நீட்டி ஒரு வெள்ளி மோதிரத்தைக் காட்டினார். வளைகுடா நாடொன்றில் பதினோரு வருடம் வீட்டு வேலை செய்தவர். விடைபெற்று வரும்போது அந்த வீட்டுக் கிழவி தன் விரலில் இருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்ட மோதிரம். நீலக் கல். கண்ணூறு அண்டாது, நோய் வந்தால் கல் அதைத் தான் எடுத்துக்கொண்டு நிறம் மாறும் என்று சொல்லியிருக்கிறார். "கல்லு பச்சையாகிக்கொண்டு வந்தது டொக்டர். வருத்தத்தை அது எடுக்குது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்" என்றார் அந்த அம்மா.

களைத்துப் போயிருந்த நேரம். அறுபதாவது நோயாளியோ எழுபதாவதோ. எங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை, "முதலில அந்தக் கல்லைக் கழட்டி எறியுங்கோ." அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தவணைக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. கட்டி மார்புப் புற்றுநோய் என்ற அறிக்கை எங்கள் மேசையில் இருந்தது, ஆள் இல்லை.

அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்தான் வீடு தேடிப் போய்க் கதைத்துக் கூட்டி வந்தார். "டொக்டர்மார் கல்லைப் பற்றி ஏசினதாலதான் அவ வரேல்லை. பதினொரு வருசத்தில அவவுக்கு ஆசையாய் ஒருத்தர் குடுத்தது அது ஒண்டுதான்" என்று எங்களிடம் சொன்னார். நாங்கள் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு கல் ஏன் பச்சையாகிறது என்று ஆறுதலாகச் சொன்னோம். வியர்வை, எண்ணெய், சவர்க்காரம். கல் எதையோ உள்ளே எடுத்துக்கொள்கிறது என்று அவர் கண்டது உண்மை, அது எடுப்பது நோயை அல்ல, அவ்வளவுதான் என்றோம். அவர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது என்ர வேர்வைதானோ?" என்று கேட்டார். ஓம் என்றோம். சிரித்தார்.

சத்திரசிகிச்சை அன்று மோதிரம் விரலில் இறுகியிருந்தது. தாதி அதன் மேல் பிளாஸ்ரர் சுற்றி அப்படியே உள்ளே அனுப்பினார். கண்ணூறு கழிப்பவர்களும் நூல் கட்டுபவர்களும் நேர்த்தி வைப்பவர்களும் எங்கள் கிளினிக்குக்கு நாள்தோறும் வருகிறார்கள். அந்த அம்மாவுக்குப் பிறகு எவரையும் எதையும் கழற்றச் சொல்வதில்லை. கட்டிக்கொண்டே வாருங்கள், ஆனால் வாருங்கள் என்றுதான் சொல்கிறோம். கெய்ரோவில் காப்பைப் பார்த்தவர்கள் கையை வீசினார்கள் என்று கோபப்பட்டோமே, நாங்களும் அன்று கல்லைத்தான் பார்த்தோம், கையைப் பார்க்கவில்லை. மூன்று கிழமை அந்த அம்மாவுக்கு எங்களால் வீணாய்ப் போனது.

ஆகவே அக்காமாரே, தங்கைமாரே, மாதம் ஒரு முறை உங்கள் மார்புகளை நீங்களே தொட்டுப் பாருங்கள். கட்டியோ, தோலில் பள்ளமோ, முலைக்காம்பில் கசிவோ கண்டால் அன்றே வைத்தியரிடம் போங்கள். நோகவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆரம்பக் கட்டிகள் பெரும்பாலும் நோவதில்லை. 35 வயதைக் கடந்தவர்கள் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பெண்களுக்கான கிளினிக்கை விசாரித்து அறியுங்கள். வீட்டில் வேலைக்கு வருபவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கல் வாங்க விரும்புகிறவர்களுக்கு எங்கள் நகைக்கடைத் தோழியின் ஆலோசனை இது. சந்தையில் டர்க்கோய்ஸ் என்று விற்பவற்றில் நிறமூட்டிய வேறு கற்களும் பிளாஸ்ரிக்கும் நிறைய உண்டு. உண்மையான கல்லுக்கும் பிசின் ஊட்டிப் பலப்படுத்துவது வழக்கம்; அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. வாங்கிய பின் வாசனைத் தைலம் படாமல், சமைக்கும்போது கழற்றி வைத்து, மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள். நீலமாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் இதுதான் வழி. பச்சையானாலும் கவலைப்படத் தேவையில்லை.

அந்த அம்மா போன வருடமும் கிளினிக்குக்கு வந்தார். நல்ல சுகம். கல் இப்போது முழுப் பச்சை. மகளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றார். மகள் உயர்தரம் எழுதப் போகிறாளாம்.